எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தமிழ் படித்தது

இந்த வீட்டில் ஒரு விஷயத்திலாவது என் பேச்சுதான் கடைசிப் பேச்சாக இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒரு தோசைக்கும் அடுத்த தோசைக்கும் நடுவே, முடிவு செய்தேன். எந்த விஷயம் என்பது மட்டும் முடிவாகவில்லை.

என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டு மலைமேல் இருக்கும் சாமியின் பெயர். அந்தச் சாமி உடம்பில் பாதியை மனைவிக்குக் கொடுத்துவிட்டு மீதிப் பாதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அவர் சாமி. அவரால் முடிந்தது.

புதுச்சத்திரத்தில், சேலம் – நாமக்கல் ரோட்டோரமாகக் கோழித்தீவனக் கடை வைத்திருக்கிறேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. போர்டில் ‘உரிமையாளர்’ என்று என் பெயர்தான் இருக்கும். ஆனால் பில் போடுவது, கம்பெனிக்கு ஆர்டர் அனுப்புவது, பண்ணைக்காரர்களுக்குச் சரக்கு வந்த சேதி சொல்வது எல்லாம் என் மனைவி தனப்பிரியா. ஹாலில் சமையலறைக் கதவை ஒட்டிக் கம்ப்யூட்டர். ஒரு கண் அடுப்பில், ஒரு கண் திரையில். இரண்டுமே தீய்ந்ததில்லை. அப்படியானால் உரிமையாளருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தினமும் காலையில் குளித்துவிட்டு, கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்து ஊதுபத்தி காட்டுவது என் பொறுப்பு. அதில் யாரையும் தலையிட விட்டதில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில் எனக்கு வீரம் வந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு மோகன்குமார். இரண்டு லாரி வைத்திருக்கிறான். முந்தின நாள் சாயங்காலம் டீக்கடையில் அவன் தன் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி வருத்தப்பட்டான். லாரிக்கு என்ன ஹாரன் மாட்டுவது என்பதைக்கூட அவன் மனைவி சரிதாதான் முடிவு செய்கிறாளாம். நான் ஆறுதல் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் கிடையாது என்றேன். அப்படியா, உங்கள் பேச்சு எடுபட்ட விஷயம் ஒன்று சொல்லுங்கள் என்றான். நான் யோசித்தபடி டீயைக் குடித்தேன். டீ தீர்ந்த பிறகும் வெறும் கிளாஸைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

அந்த அவமானத்தோடு படுத்து, அந்த அவமானத்தோடு எழுந்து, தோசைத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் தானாக நடந்து வந்தது. தனப்பிரியா அடுப்பைத் தணித்துவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றாள்.

“ஏனுங்க, நம்ம விண்டோஸு பத்துக்கு இனிமேல் அப்டேட்டு வராதாமா. பதினொண்ணுக்கு மாறிக்கச் சொல்லுது. நம்ம மிசினுக்கு அது ஒத்து வருமாமா, சும்மாவே தர்றாங்களாமா. மாத்திப்போடட்டுமுங்களா?”

வேறு எந்த நாளாக இருந்தாலும் ‘சரி’ என்றிருப்பேன். அந்தச் சொல் என் வாயில் தேய்ந்து தேய்ந்து வழவழப்பாகிவிட்ட சொல். அன்றைக்கு ‘வேண்டாம்’ என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஏன் என்று கேட்டாள். அதற்கு நான் தயாராக இல்லை. பழசுதான் பழகியது, புதுசு வந்ததென்று பழசைத் தள்ளுகிற ஆள் நானில்லை, அப்படித் தள்ளுகிறவனாக இருந்தால் இந்த வீட்டில் பல விஷயங்கள் மாறியிருக்கும் என்றேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வைரஸ் வந்தால் என்ன செய்வது என்றாள். கோழிக்குக்கூடத்தான் வைரஸ் வருகிறது, அதற்காகக் கோழியையா மாற்றுகிறார்கள், தடுப்பூசி போடுகிறார்கள் என்று தீவனக்காரனாகவே பதில் சொன்னேன். எனக்கு நானே கைதட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

“அதத்தானுங்க சொல்றேன். அந்தத் தடுப்பூசிதான் இனி வராதுங்கறாங்க.”

பதில் இல்லாதபோது ஆண்கள் செய்வதை நானும் செய்தேன். குரலை உயர்த்தி, என் வீட்டில், என் கம்ப்யூட்டர், நான் இருக்கும்வரை பத்திலேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன்.

தனப்பிரியா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சந்தையில் மாடு பார்க்கிறவர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள். பிறகு, “சரிங்க” என்றாள்.

‘சரி’ என் சொல். அது அவள் வாயிலிருந்து வந்ததும் நான் சுதாரித்திருக்க வேண்டும்.

“அப்ப இனிமே நீங்களே பாத்துக்கங்க. நாளைக்கு ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா என்ற மேல பழி வரக்கூடாது பாருங்க” என்று சொல்லி, நாற்காலியை முந்தானையால் ஒரு துடை துடைத்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தாள். பட்டாபிஷேகம் மாதிரி இருந்தது. நானும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு போய் உட்கார்ந்தேன்.

அன்று சாயங்காலம் மோகன்குமாரிடம் நடந்ததைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். சிங்கம் என்றான். மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். என் ஆண்மைக்குக் கிடைத்த ஒரே பரிசு அதுதான். இன்னும் கொஞ்சம் மெதுவாக மென்றிருக்கலாம்.

திங்கட்கிழமை கடை திறந்தது. ஊதுபத்தி காட்டி முடித்தேன். வழக்கமாக என் வேலை அங்கே முடிந்துவிடும். அன்று அங்கே தொடங்கியது. மவுஸைக் கையில் எடுத்தேன். தீவனக் கடைக்காரனுக்கு எலி பிடிப்பது புதிதில்லை. ஆனால் இந்த எலி மேசையின் ஒரு முனைக்கு ஓடினால் அம்பு திரையின் வேறு முனைக்கு ஓடியது. அதைத் துரத்தி ஒரு இடத்தில் நிறுத்துவதற்குள் வெளியே லோடு ஏற்ற வந்த வண்டி ஹாரன் அடிக்கத் தொடங்கிவிட்டது. தனப்பிரியா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்கவில்லை. நானும் கூப்பிடவில்லை. சிங்கம் உதவிக்குக் கூப்பிடுமா?

கோவையில் படிக்கும் என் மகள் சௌந்தர்யாவுக்கு ரகசியமாகப் போன் போட்டேன். பில் எப்படிப் போடுவது என்று கேட்டதற்கு, வகுப்பில் இருக்கிறேன், அம்மாவிடம் கேளுங்கள் என்று வைத்துவிட்டாள். எங்கள் வீட்டில் எந்தச் சந்தேகத்துக்கும் பதில் அதுதான். எனக்கு அந்த ஒரு கதவுதான் பூட்டியிருந்தது, பூட்டியவனும் நானேதான்.

ஒற்றை விரலால் பில் போட்டேன். எங்கள் பில்லில் வாடிக்கையாளர் பெயர் தமிழில் வரும். இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் அது தமிழாக மாறிக்கொள்ளும். மல்லசமுத்திரம் பக்கத்தில் பெரிய பண்ணை வைத்திருக்கும் வேலுசாமிக்குத்தான் முதல் பில். ‘வேலுசாமி முட்டைப் பண்ணை’ என்று வர வேண்டும். ‘முட்டை’க்கு u தட்ட வேண்டிய இடத்தில் என் விரல் கொஞ்சம் தள்ளி o-வில் விழுந்துவிட்டது. ‘வேலுசாமி மொட்டைப் பண்ணை’ என்று வந்தது. நான் கவனிக்கவில்லை. அச்செடுத்துக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

சாதாரண ஆளாக இருந்தால் சிரித்துவிட்டு விட்டிருப்பார். வேலுசாமிக்கு இளவயதிலேயே முடி கொட்டிவிட்டது. வெயிலில் அவர் தலையைப் பார்க்கக் கூசும். அதைப்பற்றி அவர் எதிரில் யாரும் பேசமாட்டார்கள். அன்று மத்தியானமே புல்லட்டில் வந்து இறங்கினார். பில்லை என் முன்னால் வைத்தார். தொப்பியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். நான் பில்லையும் தலையையும் மாறி மாறிப் பார்த்தேன். என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது? எழுத்துப் பிழை என்று சொல்லலாம்தான். ஆனால் எதிரில் இருப்பதைப் பார்த்தால் பிழையென்று சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நாளாக அம்மணி போட்ட பில்லில் ஒரு புள்ளி தப்பியதில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த லோடை வேறு கடையில் எடுத்தார்.

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு புள்ளி தப்பாமல் அவள் இத்தனை காலம் உட்கார்ந்து செய்த வேலைக்கு நான் ஊதுபத்தி காட்டியிருக்கிறேன். அதுவும் கம்ப்யூட்டருக்கு.

போய்ச் சொல்லியிருக்க வேண்டும், என்னால் முடியவில்லை, நீயே பார், எந்த நம்பருக்கு வேண்டுமோ மாற்றிக்கொள் என்று. சமையலறை வாசல்வரை போனேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். அந்த வாரத்தில் நான் குடித்த தண்ணீருக்கு அளவில்லை.

அவளிடமும் ஒரு மாற்றம் தெரிந்தது. சாப்பாடு முடிந்ததும் கஞ்சி போட்ட காட்டன் சேலை கட்டி, கைப்பையை மாட்டிக்கொண்டு, “நாமக்கல் வரைக்கும் போயிட்டு வாரேனுங்க” என்று பஸ் ஏறிவிடுவாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எங்கே, எதற்கு, எப்போது வருவீர்கள் என்ற கேள்விகளெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு பக்கமாகத்தான் ஓடும். ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பாவம், கையிலிருந்த வேலையைப் பிடுங்கிக்கொண்டோம், பொழுது போகாமல் கோயிலைச் சுற்றுகிறாள் என்று அவளுக்காக வருத்தப்படக்கூடச் செய்தேன்.

இதற்கிடையில் திரையில் அந்த அறிவிப்பு தினமும் வந்து நின்றது. மாறிக்கொள்கிறீர்களா, பிறகு பார்க்கலாமா என்று கேட்கும். ‘பிறகு’ என்று தட்டுவேன். மறுநாள் திரும்ப வரும். பில் போடும் மென்பொருளை விற்றவர்களும் போனில் அதையே சொன்னார்கள். மெல்ல எனக்கே ஆசை வந்துவிட்டது. பழசில்தான் எனக்கு ஒன்றும் வரவில்லை, புதுசென்றால் சுலபமாக இருக்குமோ என்னவோ. ஆனால் நானே மாற்றினால் தனப்பிரியாவின் முகத்தை எப்படிப் பார்ப்பது? மோகன்குமாருக்கு என்ன சொல்வது?

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. யாரும் மாற்றவில்லை, அதுவாகவே மாறிவிட்டது என்று சொல்லிவிட்டால்? போன்கூட இப்படித்தான் தானாக எதையாவது மாற்றிக்கொள்கிறது. யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

ஒரு மத்தியானம் அவள் பஸ் ஏறியதைக் கடை வாசலில் நின்று உறுதி செய்துகொண்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே வந்தேன். சொந்த வீட்டில் சொந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவதற்குத் திருடனைப் போல ஜன்னலைச் சாத்தினேன். கண்ணை மூடிக்கொண்டு ‘சரி’ என்று தட்டினேன். இறங்கியது, ஏறியது, அணைந்தது, எழுந்தது. நடுவில் வெகுநேரம் கறுப்பாக நின்றபோது பயத்தில் இன்னொரு ஊதுபத்தி கொளுத்தினேன். கடைசியில் நீலப் பூ விரிந்த மாதிரி ஒரு திரை வந்தது. எல்லாம் அப்படியே இருந்தது. பில் போடும் மென்பொருள் இருந்தது. வேலுசாமியின் பெயர்கூட, மொட்டையோடு, இருந்தது.

அதோடு எழுந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. நான்தான் வெற்றிக் களிப்பில் அங்கங்கே தட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மொழிகளின் பட்டியல் விரிந்தது. அதில் ‘தமிழ்’ என்று தமிழிலேயே இருந்தது.

நான் எங்கள் ஊர்த் தமிழ் மன்றத்துக்குத் துணைச் செயலாளர். போன பொங்கல் விழாவில் ‘கணினி ஏறட்டும் கன்னித்தமிழ்’ என்று மேடையில் கைதட்டல் வாங்கியவன். அன்றைக்கு மைக் முன்னால் பேசியதை இன்றைக்கு ஒரு தட்டில் நிறைவேற்றலாம் என்கிறபோது எப்படிச் சும்மா இருப்பது? தட்டினேன். ஒருமுறை வெளியே போய் உள்ளே வரச் சொன்னது. போய் வந்தேன்.

கம்ப்யூட்டர் முழுக்கத் தமிழாகிவிட்டது. எனக்குத்தான் ஒரு எழுத்தும் புரியவில்லை.

‘கோப்புறை’ என்று இருந்தது. அதை நான் ‘கொப்பரை’ என்று படித்துவிட்டு, தேங்காய் வியாபாரம் நாம் செய்வதில்லையே என்று குழம்பினேன். ‘உலாவி’ என்று இருந்ததைப் பார்த்து ஏதோ ஆவி புகுந்துவிட்டதென்று கையை எடுத்தேன். ‘மறுசுழற்சித் தொட்டி’ என்றதும் எங்கள் மாட்டுத் தொட்டிதான் ஞாபகம் வந்தது. சரி, அணைத்துவிட்டு நிதானமாகப் பார்ப்போம் என்று தேடினால், அணைப்பதற்கு வழியில்லை. ‘பணிநிறுத்து’ என்று மட்டும் ஒன்று இருந்தது. ஏற்கனவே லாரிக்காரர்கள் அடிக்கடி பணிநிறுத்தம் செய்கிற ஊர் இது, கம்ப்யூட்டரும் சேர்ந்துகொள்ளப் போகிறது என்று பயந்து அதன் பக்கமே போகவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது அதைத்தான் என்று யார் சொல்வது?

இங்கிலீஷுக்குத் திரும்பலாமென்றால், மொழியை மாற்றும் இடத்துக்குப் போக வழி தமிழில் எழுதியிருந்தது. மேடையில் தமிழுக்காக உயிரைக் கொடுப்பேன் என்றவன், ஹாலில் தமிழிடமிருந்து தப்பிக்க வழி தேடி வியர்த்துக்கொண்டிருந்தேன். என் தாய்மொழி என்னைத் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தது. அந்த வெட்கத்தை யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

வாசலில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டது. ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய பதற்றத்தில் திரும்பவும் செருகிவிட்டேன். அது மங்களகரமாக எழுந்து, பெரிய எழுத்தில் ‘நல்வரவு’ என்றது. தோளிலிருந்த துண்டை எடுத்துத் திரைமேல் போட்டு மூடிவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.

தனப்பிரியா வந்தாள். துண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். துண்டை எடுத்தாள்.

“தானா மாறிடுச்சு” என்றேன். அவள் இன்னும் ஒன்றும் கேட்கவே இல்லை.

“தானாவே பதினொண்ணுக்கு மாறிடுச்சுங்களா?”

“ஆமா. நான் கடையில இருந்தேன்.”

“தானாவே தமிழும் படிச்சுக்கிச்சுங்களா?”

நான் தலையசைத்தேன். அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சிரிக்கவில்லை. துண்டை மடித்து என் தோளில் போட்டாள். நகருங்கள், நான் சரி செய்கிறேன் என்று இப்போது சொல்வாள், இப்போது சொல்வாள் என்று காத்திருந்தேன். நாற்காலியைக்கூடக் கொஞ்சம் அவள் பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

“உங்க சிஸ்டமுங்க. நான் கை வெக்கறதில்லீங்க” என்று சொல்லிவிட்டு உப்புமாவுக்கு ரவை வறுக்கப் போய்விட்டாள்.

இதோடு முடிந்திருந்தால் வீட்டுக்குள்ளேயே போயிருக்கும். ரவை வாசம் பிடித்தது போல மோகன்குமார் உள்ளே வந்தான். வந்தவன் நேரே திரையைப் பார்த்தான். இதென்ன, பத்திலேதான் இருக்கும் என்றீர்களே, வேறு மாதிரி இருக்கிறதே என்றான். தானாக மாறியது என்று அவனிடம் சொல்லலாம். ஆனால் கரண்டியும் கையுமாகத் தனப்பிரியா கதவோரம் நிற்கிறாள். நான் சொல்லும் பொய்யை அவள் கேட்டுக்கொண்டிருப்பது, பொய்யைவிடக் கேவலமாக இருந்தது.

அவள்தான் பேசினாள். “அவருதானுங்கண்ணா மாத்துனாரு. நாந்தான் சும்மா மாத்தச் சொன்னேன். அவரு தமிழ்லயே மாத்தோணும்னு இருந்துருக்காரு. அதுக்குத்தான் அன்னிக்கு வேண்டாமுன்னது.”

என் கண்ணே கலங்கிவிட்டது. இத்தனை நடந்த பிறகும் ஊரார் முன்னால் என்னை விட்டுக்கொடுக்கவில்லை பார் என்று நெகிழ்ந்துபோனேன். மோகன்குமார் வாயைப் பிளந்துகொண்டு திரையையும் என்னையும் பார்த்தான். சிங்கம் என்பது போதாதென்று நினைத்தானோ என்னவோ, கையைப் பிடித்துக் குலுக்கினான். நானும், எல்லாம் ஒரு மொழிப்பற்றுதான் என்றேன். உப்புமா இரண்டு கரண்டி கூடவே சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அவன் தன் லாரி ஆபீஸ் லேப்டாப்பைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தான். இதையும் அதே மாதிரி பதினொன்றாக்கித் தமிழாக்கிக் கொடுங்கள் என்றான். அவன் சொல்லி, மன்றத்துத் தலைவர் தன் பேத்தியின் லேப்டாப்பை அனுப்பிவைத்தார். ஒரு கோழிப்பண்ணைக்காரர், பையில் சுற்றி, தக்காளிக் கூடைமேல் வைத்து ஒன்றைக் கொண்டுவந்தார். ஊரே வியாபாரம் பேசாமல் மென்பொருள் பேசியது. தீவன மூட்டைகளின் மேல் லேப்டாப்புகள் அடுக்கி வைத்திருந்தேன். வந்தவர்களிடமெல்லாம் ஆடி போகட்டும், தேய்பிறை போகட்டும் என்று நாள் தள்ளினேன். அவள் என்னைக் காப்பாற்றினாளா, கட்டிப்போட்டாளா என்ற சந்தேகம் அப்போதுதான் லேசாக எட்டிப் பார்த்தது. ஆனால் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழியில் கிடந்த லேப்டாப்பை ஒதுக்கி வைத்துவிட்டுக் கூட்டினாள்.

இரண்டில் ஒன்று செய்தாக வேண்டும். ஊரைக் கூப்பிட்டு எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வேண்டும், இல்லையென்றால் யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்ள வேண்டும். முதலாவது நேர்மையான வழி. அதனால் இரண்டாவதை யோசித்தேன்.

அன்று சாயங்காலம் தனப்பிரியா வறுத்த நிலக்கடலையை ஒரு தாளில் கொட்டி என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். கடலை தீரத் தீரத் தாளில் இருந்த எழுத்து தெரிந்தது. நாமக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பின் விளம்பரம். ‘புதிய சிஸ்டத்துக்கு மாறியவரா? குழப்பமா? வியாபாரிகளுக்கும் பெரியவர்களுக்கும் தமிழிலேயே எளிய பயிற்சி’ என்று போட்டிருந்தது. கடவுளே கடலை வறுத்துப் போட்ட மாதிரி இருந்தது. கடைசிக் கடலையைச் சாப்பிட்டதும் தாளை உதறி, அவள் பார்க்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரோட்டோரமாக, வீட்டுக்குக் கேட்காத தூரத்தில் போய் நின்று போன் செய்தேன். வகுப்பை நடத்தும் ஜெகதீஸ்வரன் என்பவர் எடுத்தார். பெயரையும் ஊரையும் கேட்டார். புதுச்சத்திரம் என்றதும், ரொம்ப நல்லது, எங்கள் டீச்சரும் அந்தப் பக்கந்தான் என்றார். அந்தப் பக்கத்தில் எத்தனையோ ஊர். நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். டீச்சரைத் தவிர யாருக்கும் சொல்லமாட்டேன் என்றார்.

அன்று மத்தியானம், தீவனக் கம்பெனி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது என்று தனப்பிரியாவிடம் சொன்னேன். அவள் கஞ்சிச் சேலையில் கொசுவம் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“நானும் நாமக்கல்தானுங்க போறேன். ஒண்ணாவே போயிருலாமுங்களா?”

இல்லை, வழியில் ஒருவரைப் பார்க்க வேண்டும், லேட்டாகும் என்று உளறினேன். “சரிங்க” என்று அவள் முதல் பஸ்ஸில் போனாள். நான் அடுத்த பஸ்ஸில் போனேன். கோயில் இருக்கும் கோட்டைப் பக்கமே தலைவைக்காமல் சந்து சந்தாகச் சுற்றி, மாடியிலிருந்த அந்த வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன். தெரிந்தவர் யாராவது பார்த்துவிடப் போகிறார்கள் என்று படியேறும்போது துண்டால் பாதி முகத்தை மூடிக்கொண்டேன்.

நல்ல பெரிய அறை. ரிட்டயரான ஒரு தபால்காரர், ஜவுளிக்கடை வைத்திருக்கும் இரண்டு பேர், பேரன்களோடு வீடியோ கால் பேசக் கற்றுக்கொள்ள வந்த ஒரு அம்மாள் என்று என்னைவிட மூத்தவர்களும் இருந்தார்கள். அதில் கொஞ்சம் நிம்மதி. கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். திரையைப் பார்த்தேன். அதிலும் தமிழ். நோட்டும் பேனாவும் எடுத்து வைத்துக்கொண்டேன். எல்லாம் கற்றுக்கொண்டு, ஒரு நாள் காலையில் ஒன்றுமே நடக்காதது போல ஹாலில் உட்கார்ந்து, படபடவென்று தட்ட வேண்டும். தனப்பிரியா கரண்டியும் கையுமாகத் திகைத்து நிற்க வேண்டும். அந்தக் காட்சியை நினைக்கும்போதே சந்தோஷமாக இருந்தது.

ஜெகதீஸ்வரன் வந்து எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். டீச்சர் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஆனால் இவ்வளவு பொறுமையான டீச்சரை நான் பார்த்ததில்லை என்றார். அவர் முன்பே டீச்சரைக் கூப்பிட்டுப் பார்த்தாராம். வீட்டிலும் கடையிலும் வேலை அதிகம், விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தார்களாம். இப்போதுதான் வீட்டுக்காரர் பெருந்தன்மையாக எல்லா வேலையையும் தானே ஏற்றுக்கொண்டாராம். அந்தப் புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்று ஜெகதீஸ்வரன் கைகூப்பினார். தபால்காரரும் கைகூப்பினார். நானும் யாரோ ஒரு புண்ணியவானுக்காகக் கைகூப்பினேன்.

கூப்பிய கையை இறக்குவதற்குள் கஞ்சிச் சேலை உள்ளே வந்தது.

நான் தூணுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் ஒதுங்கினேன். தூண் போதவில்லை. குனிந்து செருப்பைத் தேடுவது போலப் பாவனை செய்தேன். மேசைக்கு அடியில் ஒயர்களைத் தவிர வேறு உலகமே இல்லை. அப்படியே தவழ்ந்து கதவுக்குப் போய்விடலாமா என்றுகூடப் பார்த்தேன். கதவு டீச்சர் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது.

வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தாள். தபால்காரர் எழுந்து பதில் சொன்னார். ஜவுளிக்கடைக்காரர்கள் சொன்னார்கள். அந்த அம்மாள் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் கட்டிய புருஷன் பெயரைப் பெண்கள் வாயால் சொல்லமாட்டார்கள். தாலி கட்டிய நாளிலிருந்து எனக்கு ‘ஏனுங்க’ என்பதுதான் பெயர். ரேஷன் கடையில் பெயர் கேட்டால்கூட, அவள் திருச்செங்கோட்டு மலை இருக்கும் திசையைக் கையால் காட்டுவாள். சட்டத்தில் எங்காவது நான் தப்பிக்க வழி இருந்தால் அது இதுதான் என்று மேசைக்கு அடியில் நம்பிக்கையோடு மூச்சைப் பிடித்திருந்தேன்.

“அர்த்தநாரி” என்றாள்.

அவள் குரலில் என் பெயர் அவ்வளவு அழகாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள இந்த இடம்தானா கிடைத்தது?

“அர்த்தநாரி வந்திருக்காருங்களா?” என்று இன்னொரு தடவை கேட்டாள். பதிவேட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். ஜெகதீஸ்வரன், இப்போதுதானே வந்தார் என்று நாற்காலிகளுக்கிடையே தேடத் தொடங்கினார்.

நான் மெல்ல எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “உள்ளேன், டீச்சர்” என்றேன்.